பவழத்தீவுக்குப் போன நாற்பது மணிகள்

முன்னொரு காலத்தில், கடலோரத்து ராஜ்யம் ஒன்றை ஆண்ட அமுதவர்ம மகாராஜாவுக்கு ஒரு பெருமை இருந்தது. அவருடைய அரண்மனை வாசலில் ஓர் ஆராய்ச்சி மணி தொங்கியது. குறை உள்ளவர் யாராயிருந்தாலும் கயிற்றை இழுக்கலாம். ஓசை கேட்டதும் அரசர் கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவார். இதனால் அவர் சூடாகச் சாப்பிட்ட நாள் குறைவு. ஆனாலும் பெருமை பெருமைதான்.

கடலுக்கு அப்பால், ஆறு நாள் கப்பல் பயணத்தில் பவழத்தீவு இருந்தது. அதன் இளம் அரசன் ஓலை எழுதினான்: 'எங்கள் தீவில் வழக்குக் கேட்கும் முறை இல்லை. ஊருக்கு ஒரு நடுவரை நியமித்துவிட்டேன். தங்கள் நாட்டு நீதி முறையை எங்களுக்கும் கற்றுத்தர வேண்டும்.'

அமுதவர்மருக்குத் தலைகால் புரியவில்லை. "நம் நீதியைக் கப்பலில் ஏற்றி அனுப்புங்கள்!" என்றார்.

பிரதானி அனந்தப்பர், அதாவது முதல் மந்திரி, கைகட்டி எழுந்தார். "மகாராஜா, அரசாங்க ஆட்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கப்பலும் ஆளும் உள்ள தனியார் வணிகரிடம் ஒப்பந்தமாக விட்டுவிடலாம். எட்டுக்கப்பல் ஏகாம்பரம் இருக்கிறார். நம்பகமானவர்."

ஏகாம்பரத்திடம் இருந்தவை மூன்று கப்பல்கள். மீதி ஐந்தும் அவர் வீட்டுச் சுவரில் வரையப்பட்டிருந்தன. ஆனாலும் ஒப்பந்தம் அவருக்கே போயிற்று. நாற்பது ஊர், நாற்பது மணி, நாற்பது கயிறு. மணி ஒலித்தால் ஊர் நடுவர் வந்து வழக்கைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசைக்கும் அறிக்கை ஓலை வர வேண்டும்.

ஓலைகளும் தவறாமல் வந்தன. ஆறு ஓலைகள், ஆறிலும் ஒரே வாசகம்: 'தொங்கவிட்ட மணிகள் நாற்பது. ஒலித்த குறைகள் ஒன்றுமில்லை.'

"கேட்டீர்களா!" என்று அரசர் சபையில் தொடையைத் தட்டினார். "ஆறு மாதமாக ஒரு குறைகூட இல்லை! மணியைப் பார்த்ததுமே அநியாயம் ஓடிவிட்டது. அடுத்துள்ள மூன்று தீவுகளையும் ஏகாம்பரத்துக்கே கொடுத்துவிடலாம்."

சபையே ஆமாம் போட்டது. கடைசி வரிசையிலிருந்து மட்டும் ஒரு சிரிப்பு கேட்டது. அது தாண்டவராயனுடைய சிரிப்பு. அவன் அந்த அரண்மனையின் விகடகவி. அரசரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. தான் முதலில் சிரித்துவிடுவது அவனுடைய கெட்ட பழக்கம்.

"என்ன சிரிப்பு, தாண்டவா?"

"ஒரு சின்னச் சந்தேகம், மகாராஜா. நாற்பது ஊரில், ஆறு மாதமாக, ஒரு மாடுகூடவா அடுத்தவன் தோட்டத்தில் வாய் வைக்கவில்லை?"

அனந்தப்பர் இந்தத் தருணத்துக்குப் பல வருஷங்களாகக் காத்திருந்தவர். அவர் மூன்று நாள் யோசித்துச் சொல்லும் யோசனைக்கு அரசர் தலையசைப்பதோடு சரி. இவன் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிப்பார்.

"மகாராஜா, தாண்டவராயர் தங்கள் நீதியையே சந்தேகிக்கிறார். அந்த மணியின் ஓசையைத் தங்கள் காதில் அவரே கேட்கவைக்கட்டுமே!"

சொன்னதுதான் தாமதம், அரசருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "ஆமாம்! எனக்கு அந்த ஓசையைக் கேட்க வேண்டும். இதே சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி கேட்க வேண்டும். தீவில் மணி எப்படி ஒலிக்கிறதோ அப்படியே கேட்க வேண்டும். இன்னும் நாற்பது நாளில் மூன்று தீவு ஒப்பந்தத்துக்கு முத்திரை வைக்கப்போகிறேன். அதற்குள் முடியுமா, தாண்டவா?"

"முடியாவிட்டால்?" என்று அனந்தப்பர் எடுத்துக் கொடுத்தார்.

"முடியாவிட்டால் இந்தச் சபைக்கு அவன் வர வேண்டாம்" என்று அரசர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கியது. ஆனால் சபையில் சொன்ன சொல் சொன்னதுதான்.

இந்தச் சபையை விட்டால் தாண்டவராயனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. சிரிப்பு விற்கச் சந்தையில் கடையா போட முடியும்? இருந்தாலும் வணங்கினான். "வேண்டியதை எடுத்துக்கொள்ள ஓர் உத்தரவு ஓலை மட்டும் கொடுங்கள், மகாராஜா."

ஓலை கிடைத்தது. ஏகாம்பரத்தின் கப்பலிலேயே ஏறினான். ஆறு நாளும் வாந்தி. அரசாங்க ஆட்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று பிரதானி சொன்னதில் அதுவரைக்கும் உண்மை இருந்தது.

தீவின் முதல் ஊரிலேயே மணி கண்ணில் பட்டது. பளபளவென்று துலக்கியிருந்தார்கள். மாலைகூடப் போட்டிருந்தது. அதன் கீழே கருத்த, ஒல்லியான பெண்ணொருத்தி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். மணி இப்படியும் அப்படியும் ஆடியது. ஓசை மட்டும் இல்லை. தாண்டவராயன் காதுக்குள் கடல்தண்ணீர் போய்விட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்து பார்த்தான்.

"என்னம்மா செய்கிறாய்?"

"பாத்தா தெரியல? நியாயம் கேக்குறேன்" என்றாள். அவள் பெயர் வலம்புரி. தோணியில் போய் மீன் பிடிப்பவள். "துறைக்காரன் என் தோணியப் புடிச்சு வச்சுக்கிட்டான். அவன் மச்சான் அதுல மீன் புடிக்கிறான். இன்னியோட பதினோரு நாளா இழுக்குறேன். கைதான் காய்ச்சுப்போச்சு."

"மணி ஒலிக்கவே இல்லையே?"

"இழுக்க இழுக்கப் பழகிரும்னு கப்பல்காரங்க சொன்னாங்க. புது மணியாம்."

இருபது அடி தள்ளி, ஒரு புங்க மரத்தடியில் பெரியவர் ஒருவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஊர் நடுவர்.

"ஐயா, இந்தப் பெண் பதினோரு நாளாக மணியை இழுப்பது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன தம்பி? தினம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். பாவம்" என்றார் நடுவர். "ஆனா மணிச் சத்தம் கேட்டாத்தான் வழக்க எடுக்கணும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கே. நான் பாக்குறேன். கேக்கலையே!"

தாண்டவராயன் குனிந்து மணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி. கொக்கியில் ஒரு குளவிக் கூடு. அவன் தலையை வெளியே இழுத்துக்கொண்ட வேகத்தில் மாலை அறுந்து கழுத்தில் விழுந்தது.

ஏகாம்பரத்தின் ஆள் ஒருவனைத் தேடிப் பிடித்தான். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "மணி வெண்கலம், நாக்கு இரும்பு. எங்க ஒப்பந்தம் அரண்மனைல வெண்கலச் சாமான் பாக்குற வெண்கலச் சாலைல போட்டது. இரும்புக்கு இரும்புச் சாலைதான் தனி ஓலை தரணும், பதினோரு முத்திரையோட. அது எங்க பொறுப்பு இல்லீங்க."

"நாக்கு இல்லை என்று அறிக்கையில் எழுதலாமே?"

"அறிக்கைல மணிக்கும் குறைக்கும்தான் இடம் விட்டிருக்காங்க. நாக்குக்கு இடமே இல்லையே!"

இன்னும் இரண்டு ஊர் போய்ப் பார்த்தான். ஓர் ஊரில் மணியின் கீழே வாழைத்தார் தொங்கிப் பழுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் மணியைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஒரு கோழி அடைகாத்தது. கோழியைத் தவிர வேறு யாருக்கும் அந்த நீதியால் பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

கோழியைப் பார்த்து நின்றபோதுதான் அவனுக்கு அரசர் கேட்டது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று முதல் ஊருக்குத் திரும்பி நடந்தான்.

"வலம்புரி, கப்பல் ஏறுகிறாயா? அந்த மணியோடு?"

"தோணி கெடைக்குமா?"

"கிடைத்தால் உனக்குத் தோணி. கிடைக்காவிட்டால் எனக்கும் ஒன்று தேட வேண்டியிருக்கும்."

நாற்பதாம் நாள். சபை நிறைந்திருந்தது. அரசர் முன் மூன்று ஒப்பந்த ஓலைகள் முத்திரைக்குக் காத்திருந்தன. ஏகாம்பரம் புதுப் பட்டு உடுத்தியிருந்தார். தாண்டவராயன் பவழத்தீவு மணியைச் சபையின் நடுவே உத்தரத்தில் கட்டினான். கயிற்றை வலம்புரியின் கையில் கொடுத்தான்.

அனந்தப்பர் துள்ளி எழுந்தார். "இது ஏமாற்று! மகாராஜா கேட்டது தீவில் ஒலிக்கும் ஓசையை. மணியை இங்கே கொண்டுவந்து அடித்தால் அதுவாகுமா?"

"மகாராஜா கேட்டது, தீவில் ஒலிப்பது போலவே இங்கிருந்தபடி கேட்க வேண்டும் என்று" என்றான் தாண்டவராயன். "அதே மணி, அதே கயிறு, அங்கே இழுத்த அதே கை. ஓசை கூடினாலோ குறைந்தாலோ நான் இப்போதே வெளியே போய்விடுகிறேன். இழு, அம்மா!"

வலம்புரி இழுத்தாள். மணி ஆடியது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அரசர் முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"ஒன்றும் கேட்கவில்லையே, தாண்டவா?"

"சரியாகக் கேட்டீர்கள், மகாராஜா. தீவிலும் அட்சரம் பிசகாமல் இதே ஓசைதான்."

அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். கயிற்றைத் தாமே வாங்கி ஓங்கி இழுத்தார். ஓசை வரவில்லை, ஒரு குளவி வந்தது. அது சபையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அனந்தப்பரின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. பிரதானி சிலையாக நின்றார்.

ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "மகாராஜா, நாக்கு இரும்புச் சாமான். எங்கள் ஒப்பந்தத்தில்..."

"அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது சாமி" என்று வலம்புரி குறுக்கிட்டு அரசரைப் பார்த்தாள். "என் தோணிய எவனோ ஓட்டுறான். பதினோரு நாள் இழுத்தேன். எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தரும் கேக்கல. நீங்களாச்சும் கேக்குறீங்களா?"

அரசர் அவளுடைய கையைப் பார்த்தார். காய்ப்பு வெடித்திருந்தது. பிறகு தீவரசனுக்கு அங்கேயே ஓலை எழுதச் சொன்னார்: இந்த ஓலை கிடைத்த அன்றே இவள் தோணி இவள் கைக்கு வர வேண்டும். மூன்று ஒப்பந்தங்களையும் சுருட்டித் தள்ளினார்.

"இந்தச் சத்தத்தையா ஆறு மாதமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்!" என்றவர், மணியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். வாய் துடித்தது. அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். "சொல், தாண்டவா. உனக்கு என்ன வேண்டும்?"

"நாக்குகள் வந்து சேரும்வரை மணிகள் சும்மா இருக்கக் கூடாது, மகாராஜா. மணிக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். யாராவது கயிற்றை இழுத்தால், நடுவர் காதில் விழும்படி 'டாண், டாண்' என்று கத்தட்டும். ஏகாம்பரத்துக்குத் தீவில் முப்பத்தெட்டு ஆட்கள் இருக்கிறார்கள். மணிகள் நாற்பது. இரண்டு ஊருக்குத்தான் ஆள் குறைகிறது."

சொல்லிவிட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தான். பிறகு அனந்தப்பரைப் பார்த்தான். சபை முழுவதும் அந்த இருவரையே பார்த்தது.

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். அடுத்த கப்பலிலேயே ஏகாம்பரமும் அனந்தப்பரும் தீவுக்குப் போனார்கள்.

ஆறு மாதமாக நகராத இரும்புச் சாலை ஓலை, பிரதானி தீவிலிருந்து எழுதிய அவசரக் கடிதம் வந்ததும் ஒரே நாளில் பதினோரு முத்திரையும் வாங்கியது. நாக்குகள் போய்ச் சேர்ந்தன. அந்த மாத அறிக்கையில் 'குறைகள் இருநூற்றுப் பன்னிரண்டு' என்று இருந்தது. அரசர் அதை ஆசையாக மூன்று முறை படித்தார்.

அனந்தப்பர் ஊர் திரும்பி, பழையபடி சபைக்கு வரத் தொடங்கினார். ஒரே ஒரு மாற்றம்தான். அரண்மனை வாசலில் யாராவது ஆராய்ச்சி மணியை இழுத்தால், அவரையறியாமல் அவர் வாய் திறந்து "டாண்!" என்று கத்திவிடும். அரசர் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போவார்.