நாணல் துறைத் தாளக்கட்டு

தென்சீனத்தில் ஒரு துறைமுக நகரம். அந்தக் காலத்தில் அங்கே ஏழே நாளில் ஒரு படம் எடுத்துவிடுவார்கள். எல்லாம் மேடையில் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த இசை நாடகங்கள்தாம். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். பிறகு எதற்குப் போய்ப் பார்க்கிறார்கள் என்றால், அந்தக் குழு எப்படிச் செய்தது, இந்தக் குழு எப்படிச் செய்கிறது என்று பார்க்கத்தான்.

ஷென் வாத்தியாரின் குழு மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு குழு. பழைய கதைக்கு யார் சொந்தக்காரர்? ஒரே கதையை இரண்டு பேரும் ஒரே வாரத்தில் எடுப்பதும் உண்டு. அதனால் கதையை யாரும் ஒளித்துவைப்பதில்லை. ஒளித்துவைப்பது ஒன்றே ஒன்றுதான். உச்சக் காட்சிக்கான தாளக்கட்டு.

முரசு சொல்கிறபடிதான் நடிகர் கால் வைப்பார், கை நீட்டுவார், கண்ணைத் திருப்புவார். தாளக்கட்டு புதிது என்றால் கதையும் புதிதாகிவிடும்.

ஷென் வாத்தியார் போன படத்துக்கு ஒரு தாளக்கட்டு அமைத்தார். பதினொரு அடி. அவர் படம் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்னால், அடுத்த குழுவின் படத்தில் அதே பதினொரு அடி ஒலித்தது. இவர்கள் படம் வந்தபோது, "அங்கே பார்த்து அடித்திருக்கிறார்கள்" என்று ஜனங்கள் சிரித்தார்கள்.

வாத்தியாரின் மூத்த சீடன் காவ். இருபத்து நான்கு வருஷம் அவரிடமே இருந்தவன். நாற்பதைத் தாண்டியும் அவர் எதிரே உட்காரமாட்டான். அன்று காலை, நின்றபடியே சொன்னான்.

"வாத்தியாரே, லூபிங்கை அனுப்பிவிடுங்கள்."

"ஏன்?"

"அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்."

லூபிங் ஷென் வாத்தியாரின் குழுவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவுடனே கதாநாயகி வேஷம். புருஷனை இழந்தவள். இந்தக் குழுவை விட்டால் அவளுக்குப் போக வேறு குழு இல்லை. திருடி என்று பேர் வந்துவிட்டால் எந்த ஊரிலும் இல்லை.

"நீ பார்த்தாயா?" என்றார் வாத்தியார்.

"வந்த நாளிலிருந்து கவனித்துவருகிறேன். மதியம் ஆனால் ஒரு மூட்டையைத் துணிபோட்டு மூடி எடுத்துக்கொண்டு போகிறாள். எங்கே? அவர்களுடைய ஸ்டூடியோவுக்கு. முன்வாசல் வழியாக இல்லை, பக்கவாசல் வழியாக. எதிரே தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாள் இல்லை, இருபது நாள் பார்த்தேன்."

"மூட்டையில் என்ன?"

"தெரியவில்லை. ஆனால் போகும்போது கனமாக இருக்கிறது. வரும்போது லேசாக இருக்கிறது."

"அவளைக் கேட்டாயா?"

"கேட்டால் உண்மையைச் சொல்வாளா?"



அப்போது அவர்கள் 'நாணல் துறை' கதையை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கதை இதுதான். ஒருவன் அரசுத் தேர்வு எழுதத் தலைநகரம் போகிறான். ஒன்பது வருஷம் கழித்து அதிகாரியாகத் திரும்புகிறான். துறையில் படகுக்காரன் சொல்கிறான், "உங்கள் வீட்டுக் கொடியில் தினமும் ஓர் ஆணின் அங்கி காய்கிறது ஐயா." அவன் வீட்டுக்குப் போகவில்லை. நாணலுக்குள் ஒளிந்துகொண்டு மூன்று நாள் பார்க்கிறான். அது அவனுடைய அங்கிதான். வீட்டில் ஆண் துணை இருக்கிறது என்று திருடர்கள் நினைக்கட்டும் என்று அவள் அதை நனைத்து நனைத்து உலர்த்துகிறாள். மூன்றாம் நாள் வெள்ளம் வருகிறது. பாலத்தின்மேல் அவள், நாணலுக்குள் அவன். அந்த இடத்தில் பேச்சு இல்லை, பாட்டு இல்லை. முரசு மட்டும்.

கணவனாக காவ். மனைவியாக லூபிங்.

அடுத்த குழுவும் அதே கதையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவையும் போய்விட்டால் நம் குழுவை யாரும் மதிக்கமாட்டார்கள்" என்றான் காவ். "பாலக் காட்சி ஏழாம் நாள். அதற்குள் அவளை அனுப்பிவிடுங்கள்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார்.

"ஒன்று செய்யலாம். பாலக் காட்சிக்கு மூன்று தாளக்கட்டு. முரசுக்காரர் மாவிடம் ஒன்று, லூபிங்கிடம் ஒன்று, உன்னிடம் ஒன்று. மூன்றும் வேறு வேறு. ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அங்கே எது ஒலிக்கிறதோ, அது யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும்."

காவுக்கு முகம் மலர்ந்தது. "இது போதும், வாத்தியாரே."

அவர் அவனுடைய தாளக்கட்டைச் சொன்னார். பதின்மூன்று அடி. ஐந்தாவதில் ஒரு நிறுத்தம், ஒன்பதாவதில் பாதி அடி. சிக்கலானது. மூத்தவனிடம் பொய்யைக் கொடுப்பாரா, படத்துக்கு உரியது தன்னுடையதுதான் என்று காவ் முடிவு செய்துகொண்டான். ஏழாம் நாளுக்குள் அது உடம்பில் ஏறியாக வேண்டும்.

அதை அவன் எப்படிக் காத்தான் என்று கேளுங்கள். வீட்டில் முணுமுணுக்கவில்லை. மனைவி கேட்டுவிடுவாளாம். அவளே, "என்ன, நாலு நாளாக வாயில் கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினான். மா எதிரே வந்தால் பாதை மாறி நடந்தான்.

படப்பிடிப்பில் நாணலுக்குப் பதிலாக மூங்கில் கீற்றுகளை நட்டு வைத்திருந்தார்கள். காவ் அதற்குள் குனிந்து உட்கார்ந்து லூபிங்கைப் பார்க்க வேண்டும். இயக்குநர் வூ துள்ளிக் குதித்தார்.

"அடடா, இந்தப் பார்வை! இப்படி ஒரு சந்தேகத்தை நான் இதுவரை படம் பிடித்ததே இல்லை. எங்கே கற்றாய், காவ்?"

கொடியில் அங்கியைப் போட்டுக்கொண்டிருந்த லூபிங் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணா, உள்ளே கொசு கடிக்கிறதா? முகம் அப்படி இருக்கிறதே?"

காவ் இன்னும் குனிந்துகொண்டான். சிரிக்கிறாள், எவ்வளவு துணிச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

மதிய இடைவேளை வந்ததும் அவள் மூட்டையுடன் கிளம்பினாள். அவனும் கிளம்பினான். அவள் பக்கவாசலில் நுழைந்தாள். அவன் தேநீர்க் கடை ஜன்னலோரம் உட்கார்ந்தான். கால்மணி நேரத்தில் அவள் வெளியே வந்தாள். மூட்டை லேசாகியிருந்தது. மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள், அவள் வாசலில் நின்று உள்ளே யாரிடமோ ஏதோ சொல்லிக் கையை ஆட்டினாள். காவ் எண்ணினான். ஆட்டியது மூன்று தடவை. அது மூன்று அடியாக இருக்கலாம். ஒரு சைகையாகவும் இருக்கலாம்.

அன்று மாலை வாத்தியாரிடம் சொன்னான். "கையாலேயே சொல்லிவிட்டாள்."

"அப்படியா?"

"நாளைக்கு அவர்கள் பாலக் காட்சி எடுக்கிறார்கள். நீங்களே வந்து கேளுங்கள்."

ஆறாம் நாள் மதியம் இருவரும் அந்தக் கடைக்குப் போனார்கள். காவ் தன் வழக்கமான ஜன்னலோரத்தைக் காட்டினான். வாத்தியார் உட்காரச் சொன்ன பிறகுதான் எதிரே உட்கார்ந்தான். ஸ்டூடியோவுக்குத் தகரக் கூரை. உள்ளே என்ன தட்டினாலும் தெருவெல்லாம் கேட்கும்.

கடைக்காரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

உள்ளே யாரோ "அமைதி!" என்று கத்தினார்கள். பிறகு முரசு தொடங்கியது.

நான்கு அடி கேட்டது. ஐந்தாவதில் நிறுத்தம்.

காவின் முகம் வெளுத்தது.

ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் பாதி அடி. பதின்மூன்றில் முடிந்தது.

"யாருடையது?" என்றார் வாத்தியார்.

"வாத்தியாரே, சத்தியமாக நான் இல்லை! நான் வாயே திறக்கவில்லை. என் மனைவியைக் கேளுங்கள். தூக்கத்தில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்தேன். அந்தப் பெண் எப்படியோ ஒட்டுக்கேட்டிருக்கிறாள். மாதான் அவளுக்கு... இல்லை, மாவுக்கே தெரியாதே. பிறகு யார்?"

"காவ், உன் வலது கை எங்கே இருக்கிறது?"

காவ் குனிந்து பார்த்தான். அவன் விரல்கள் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தன. பதின்மூன்று அடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து.

சூடான ஏனத்தைத் தொட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

கடைக்காரம்மா தட்டுடன் வந்தவள் சிரித்துவிட்டாள்.

"ஏன் ஐயா நிறுத்திவிட்டீர்கள்? நன்றாக இருந்ததே. உங்களுக்காகவே ஒருவர் தினமும் இந்தப் பக்கத்து மேஜைக்கு வருகிறாரே."

"யார்?" என்றார் வாத்தியார்.

"எதிர் ஸ்டூடியோவில் முரசு அடிக்கிறாரே, குண்டாக இருப்பார், அவர். போன மாதமே, இவர் தட்டுவதைப் பார்த்து, 'இந்த ஆள் யார்?' என்றார். 'கேட்டுச் சொல்லட்டுமா?' என்றேன். 'வேண்டாம் அம்மா, கேட்டால் நிறுத்திவிடுவார்' என்றார். இரண்டு பன் தின்பார், தொடையில் தட்டிப் பார்ப்பார், போய்விடுவார்."

காவ் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டான். 

அப்போது லூபிங் தெருவில் மூட்டையுடன் வந்தாள். பக்கவாசலுக்குள் நுழைந்தாள்.

"அதோ உங்கள் பெண் வந்துவிட்டாள்" என்றாள் கடைக்காரம்மா.

"என் பெண்ணா?"

"அவள் வந்தால்தானே நீங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள்? நான் உங்களுக்கு அவள்மேல் ஏதோ ஆசை என்று நினைத்தேன். கல்யாணமானவர் மாதிரி இருக்கிறாரே, வயதும் ஆகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது."

"அவள் எதற்கு அங்கே போகிறாள்?" என்றான் காவ்.

"அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகிறாள். அங்கே வேஷத் துணி துவைப்பவள் அவள் அம்மாதானே. கண் சரியாகத் தெரியாது, அதனால் பக்கவாசல் பக்கமே உட்கார்ந்திருப்பாள். இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கேட்கவே இல்லையே ஐயா."

தேநீரைத் தொடாமல் இருவரும் வெளியே வந்தார்கள்.

 மீன் சந்தையில் சத்தம் அதிகம். அதைத் தாண்டியபிறகு காவ் சொன்னான்.

"என்னை அனுப்பிவிடுங்கள், வாத்தியாரே."

"நாளைக்குப் பாலக் காட்சி. கணவன் இல்லாமல் எப்படி எடுப்பது?"

"போன படத்திலும் நான்தான்."

"ஆமாம்."

"உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"லூபிங் சொன்னாள்."

காவ் நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த கூடைக்காரன் திட்டிவிட்டு விலகிப் போனான்.

"அவள் என்னைப் பார்த்தாளா?"

"ஜன்னலோரத்தில்தானே உட்கார்ந்தாய். பார்க்காமல் இருப்பாளா? நீ பார்ப்பதையும் பார்த்தாள். நீ தட்டுவதையும் பார்த்தாள். பக்கத்து மேஜையில் யார் இருக்கிறார் என்பதையும் பார்த்தாள்."

"என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே!"

"நானும் அப்படித்தான் கேட்டேன். 'நான் சொன்னால், நான் பார்த்துவிட்டேன் என்று அண்ணனுக்கு வெட்கமாகிவிடும். நீங்களே எப்படியாவது சொல்லுங்கள்' என்றாள்."

இருவரும் மறுபடியும் நடந்தார்கள். ஸ்டூடியோ வாசலில் மூங்கில் கீற்றுகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். இயக்குநர் வூ யாரிடமோ பாலத்தின் உயரம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னிடம் இருந்த தாளக்கட்டு போய்விட்டது" என்றான் காவ். "நாளைக்கு எதை வைத்து நடிப்பது? மாவிடம் இருப்பதா?"

"மாவிடம் கொடுத்தது சும்மா."

"அப்படியானால் எது?"

"லூபிங்கிடம் இருப்பது."

"அவளிடமா உண்மையானதைக் கொடுத்தீர்கள்?"

"நான் கொடுக்கவில்லை. அவளையே அமைக்கச் சொன்னேன். அது எத்தனை அடி என்றுகூட எனக்கு இதுவரை தெரியாது. இருட்டுவதற்குள் அவளிடம் போய்க் கற்றுக்கொள்."

காவின் தலை குனிந்திருந்தது. ஆனால் ஒன்று அவனுக்குள் அடங்கவில்லை. மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கேட்டுவிட்டான்.

"இந்த ஆறு நாளும் அவள் தினம் தினம் அந்த வாசலுக்குள் போய்வந்தாள். அதை அவள் அங்கே கொடுத்திருந்தால்?"



"அதையும் அவளிடமே கேள்" என்றார் வாத்தியார்.