வெள்ளைக் குதிரைக்கு வந்த கட்டணம்

செங்காவூரை வீரகேது மன்னர் ஆண்டபோது, கால் நோகாமல் சந்தை நடத்த ஒருவன் வழி கண்டுபிடித்தான். ஆயிரங்கண்ணன் என்பது அவன் பெயர். சரக்குகளின் படங்களைப் பெரிய சீலையில் எழுதி வீதிவீதியாகக் காட்டுவான். வேண்டிய படத்தைத் தொட்டால் போதும், சரக்கு வீடு தேடி வரும். பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். விற்றவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஆயிரங்கண்ணன் அரசவையில் இருந்தபோது எள்ளுருண்டை விற்கும் வேலாத்தாள் வந்து நின்றாள்.

"பத்துக் காசு உருண்டைக்கு இவர் பிடிச்சது போக ரெண்டு காசு கைக்கு வருது மகாராசா. எள்ளே மூணு காசு. கட்டுப்படியாகலை."

ஆயிரங்கண்ணன் சிரித்தான். "ஒவ்வொரு கட்டணமும் சின்னதுதான், மகாராஜா. கட்டுப்படியாகாதவர்கள் விற்காமல் இருக்கட்டுமே."

சின்னது சின்னது என்று சொல்லித்தான் ஊரையே சுரண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் விகடகவி திருமேனி. அன்று அவருக்குக் கவலையும் இருந்தது. வீதிக்கடைகளை மூடிவிட்டு எல்லாரும் சீலை வழியாகவே விற்கவேண்டும் என்ற ஆணை மன்னர் கையில் இருந்தது. முத்திரை விழுந்தால் வேலாத்தாளின் அடுப்பு அணைந்துவிடும்.

"மகாராஜா, முத்திரைக்கு முன் சீலையில் ஒரு பொருள் வாங்கிப் பார்த்துவிடுவோம். இவருடைய வெள்ளைக் குதிரை மேல் தங்களுக்கு ஒரு கண் உண்டே. விலை இருபது பொன். இன்று ஒருநாள் சீலையை அடியேன் நடத்துகிறேன். விதிகள் இவருடையவை, கட்டணம் அரண்மனைக்கு."

ஆயிரங்கண்ணனால் மறுக்க முடியவில்லை. படம் எழுதினார்கள், மன்னர் தொட்டார், குதிரை வந்தது. திருமேனி இருபது பொன்னைத் தட்டில் கொட்டினார்.

"படம் எழுத ஒரு பொன். முதல் வரிசையில் காட்ட மூன்று."

"சீலையில் வேறு படமே இல்லையே?"

"இருந்திருந்தால் நீர் பின்னால் போயிருப்பீர். கொண்டு வந்த கூலி நான்கு."

"குதிரை தானாக நடந்து வந்தது, ஐயா."

"கயிறு பிடித்தவன் பறந்தா வந்தான்? இலாயத்தில் காத்திருந்த வாடகை இரண்டு. விலையும் கூலியும் சேர்த்து இருபத்து நான்கு. தரகு நான்கில் ஒரு பங்கு, ஆறு."

"கூலிக்குமா தரகு?"

"உமது விதி ஓலையில் ஏழாவது வரி. எழுதியவருக்கே மறந்து போயிற்றா?"

தட்டில் மீதி நான்கு பொன் கிடந்தது. ஆயிரங்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்தான். மன்னர் குதிரையேறிக் கோட்டையை ஏழு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார். திருமேனி அவர் காதில் ஏதோ சொன்னார்.

"படத்தில் இன்னும் வெள்ளையாக இருந்தது. எனக்கு வேண்டாம்" என்றார் மன்னர்.

"திருப்பிவிட்டார்" என்றார் திருமேனி. "மகாராஜாவின் இருபது பொன்னை வையும். திருப்பி அனுப்பும் கூலி நான்கு."

"முன்பு பிடித்த பதினாறு?"

"பிடித்தது பிடித்ததுதான். ஒன்பதாவது வரி."

ஆயிரங்கண்ணன் வாங்கிய நான்கோடு மடியிலிருந்து இருபதைச் சேர்த்து எண்ணி வைத்தான். குதிரை நுரை தள்ளியபடி அவனைப் பார்த்தது.

"மகாராஜா, தங்களுக்குச் செலவில்லாமல் சவாரி ஆயிற்று" என்றார் திருமேனி. "இவருடைய குதிரையை இவருக்கே இருபது பொன்னுக்கு விற்றுவிட்டோம்."

மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆயிரங்கண்ணா, நல்ல குதிரை. நாளைக்கும் சீலையில் போடு, தொடுகிறேன்."

ஆயிரங்கண்ணன் தலைகுனிந்தான்.

"கட்டுப்படியாகாது, மகாராஜா."

ஆணையோலை இரண்டாகக் கிழிந்தது. அரண்மனைக்கு வந்த இருபது பொன்னில் வீதிக்கடைகளுக்குக் கூரை போடச் சொன்னார் மன்னர். வேலாத்தாள் மடியிலிருந்து ஓர் எள்ளுருண்டையை எடுத்துத் திருமேனியிடம் நீட்டினாள்.

"காசு வேண்டாம் சாமி. ஆனா கடிச்சுட்டுத் திருப்பித் தரக்கூடாது."