அஞ்சாவது சிவப்பு பாட்டில்

புதிர்க் கதைன்னதும் ஒரு இளவரசி, அவளுக்கு மூணு மாப்பிள்ளைன்னு சாஞ்சு உக்காந்துட்டீங்க. மூணு பேர் உண்டு. ஆனா அவங்க மல்லுக்கட்டினது ஒரு பாட்டில் மருந்துக்கு.

வடிவாம்பாள், ஸ்கூல்ல பி.டி. டீச்சர். மார்புல கேன்சர். ரோஸ்மில்க் கலர்ல ஒரு மருந்து, வார்டுல அதுக்குப் பேரே 'சிவப்பு'. ஆறு தடவை ஏத்தணும், நாலு ஆச்சு, கட்டியும் நல்லாவே சுருங்கிருச்சு. அந்த வார்டுல ஒரு வழக்கம்: ஆறையும் முடிச்சவங்க மைசூர்பாக்கு குடுப்பாங்க. நடுவுல நின்னவங்களை 'அரைப் பரீட்சை'ன்னு ஓட்டுவாங்க.

அஞ்சாவதுக்கு டீச்சர் வந்தாங்க. மூணு மாடி, படியேறித்தான். ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு யாருக்கோ ஒரு போன். செருப்பு வாரை மாட்டவே இல்ல, இழுத்துக்கிட்டே வந்தாங்க.

கேன்சர் டாக்டர் ஜெபசீலி, ரயில்வே அறிவிப்பு மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. மூச்சு வாங்குதான்னு கேட்டாங்க. "படியேறித்தானே வந்தேன்"னாங்க டீச்சர். இருதயத்தை ஸ்கேன் பண்ணின எக்கோ ரிப்போர்ட்டும் நல்லாருக்கு, ஏத்திடலாம்னாங்க டாக்டர். அந்த எக்கோ மூணாவது பாட்டிலுக்கு முன்னாடி எடுத்தது.

அப்ப வார்டுக்கு வந்திருந்த இருதய டாக்டர் மன்சூர், தூங்குற குழந்தை பக்கத்துல இருக்குற மாதிரி மெதுவாப் பேசுறவர். "இந்த மருந்துக்கு ஆள் தெரியாதும்மா. கேன்சர் செல்லை அடிக்கிற அடி இருதயத் தசை செல்லுக்கும் விழும். தோல்ல செல் செத்தா புதுசு முளைக்கும், இருதயத்துல அனேகமா முளைக்காது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் சேதம் கூடிக்கிட்டே போகும். இன்னைக்கே எக்கோ எடுக்கணும், அதுவரை ஏத்தாதீங்க"ன்னார்.

டீச்சர் விடல. நிறுத்தி, கேன்சர் திரும்பி வந்தா இருதயத்தை வச்சு நான் என்ன செய்ய, என் உடம்பு எனக்குத் தெரியாதா, ஏத்துங்கன்னாங்க.

ஒருத்தர் கையில ரிப்போர்ட், ஒருத்தர் மனசுல சந்தேகம், ஒருத்தரோட உசுரு. சொல்லுங்க, இதுல யார் சொன்னது சரி?

விடை: மன்சூர்தான். போன் பேசவா நின்னாங்க? மூச்சு வாங்க நின்னாங்க. கால் வீங்கினதுல வார் மாட்ட முடியல. எக்கோ எடுத்தா, இருதயம் ரத்தத்தைத் தள்ளுற அளவு அறுபத்திரண்டு சதவீதத்துலேர்ந்து நாப்பத்தஞ்சுக்கு இறங்கியிருக்கு. சிவப்பை நிறுத்தி, கேன்சருக்கு வேற மருந்துக்கு மாத்தினாங்க, இருதயத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. டீச்சர் பயந்த மாதிரி வைத்தியம் நிக்கவே இல்ல. ஏன் மறைச்சீங்கன்னு டீச்சர்கிட்ட ஜெபசீலி கேட்டாங்க. அடுத்த கட்டில்காரம்மாவோட வீட்டுக்காரர் இட்லியை மென்னுக்கிட்டே சொன்னார்: "டீச்சர் மட்டுமா மேடம்? மூச்சு வாங்குதான்னு கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்லணும்னு ஏழு கட்டிலுக்கும் டிரில் எடுத்ததே இவங்கதான்."