கூழைக்கடாவை எழுப்பச் சொன்ன தலைவர்

ஜனவரி 4, காலை பத்தரை மணி. செங்கரைக் கண்மாய்ப் பறவைப் பாதுகாப்புக் குழுவிலிருந்து நான்கு பேர் திருநெல்வேலி மாநாட்டு அரங்குக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் பேச்சித்தாய். வட்டாரப் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டில் பேச அவர்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

மாநாட்டுத் தலைவர் டாக்டர் நீலமேகம் அவரைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் எல்லாரும் உங்க கண்மாய்க்கு வர்றோம். ஒரு வெடி போடுங்க. கூழைக்கடா மொத்தமா எழும்பணும். முன்னால நின்னு நான் படம் எடுத்துக்கணும்."

"கூட்டுல முட்டை கெடக்கு ஐயா. தாய் எழும்புனா காக்கா கொத்திரும்."

"ரெண்டு நிமிஷம் பறந்தா என்னம்மா? திரும்பி வந்துடும். முடியாதுன்னா நீங்க மேடை ஏற வேண்டாம்."

"சரி ஐயா, எழுப்பிக் காட்டுதேன்."

தலைவரின் உரை மதியம் ஒன்றரை மணியைத் தாண்டியும் முடியவில்லை. பேச்சித்தாய் வாசலில் நின்று, "பிரியாணி வந்துட்டு. கறி கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

அரங்கு மொத்தமாக எழுந்தது. கதவில் நெரிசல். மைக் முன்னால் தலைவர் மட்டும் நின்றார்.

"என்னம்மா இது?"

"எழுப்பிக் காட்டுதேன்னு சொன்னேம்லா. ரெண்டு நிமிஷம் பொறுங்க ஐயா, திரும்பி வந்துருவாவ."

தயிர்சாதம் முடியும்வரை யாரும் திரும்பவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்த நீலமேகம், "வெடி வேண்டாம். அடுத்து நீங்க பேசுங்க" என்றார். மாலையில் கரையிலேயே நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

ஏப்ரல் 27 அன்று செங்கரைக் கண்மாயில் அந்தக் கூடுகளின் குஞ்சுகள் பறந்தன.