மலைமண் பேச்சை நிறுத்தியது ஏன்

அந்தக் காலத்தில், புழு பூச்சியெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், கருந்தோள் மலையில் யாரும் சாவுக்கு அழுததில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அழுவதற்கு அங்கே அவசியம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். செத்தவரை மண்ணில் வைத்து மூடிவிட்டு, மறுநாள் போய்த் தரையில் காதை வைத்தால் உள்ளேயிருந்து அவர் பேசினார்.

அந்த மண் அப்படிப்பட்டது. மேலிருந்து அடிப்பாறை வரை ஒரே நிறம், ஈரச் சாம்பலில் நீலத்தைக் கரைத்துவிட்ட மாதிரி. உள்ளே போன எதையும் அது விடாது. பெய்த மழை அதற்குள்ளேயே நிற்கும். விழுந்த இலை மக்காமல் விழுந்தபடியே கிடக்கும். அழுகிய முட்டை வாடை ஒன்று எந்நேரமும் அடிக்கும். பிறந்ததிலிருந்து அதையே முகர்ந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியவில்லை. வேர் கொஞ்சம் ஆழம் போனால் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பதால் மரங்கள் ஆள் இடுப்புக்கு மேல் வளரத் துணியவில்லை. கேழ்வரகு விதைத்தால் பாதி முளைக்கும், முளைத்ததில் பாதி அழுகும். ஊரே எலும்பும் தோலுமாக இருந்தது. இருந்தும் ஒருத்தர்கூட மலையை விட்டு இறங்கவில்லை. அப்பனையும் ஆத்தாளையும் விட்டுவிட்டு எங்கே போவது?

கோடையில் மண் கொஞ்சம் காய்ந்தால் குரல் கம்மிப்போகும். அதனால் மலையடி ஆற்றிலிருந்து மூங்கில் குழாய்களில் தண்ணீர் சுமந்து வந்து, புதைத்த இடங்களில் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றக் குரல் தெளியும். அந்தத் தண்ணீர்தான் ஊறிப் போய்ப் பக்கத்துக் கொல்லையில் கேழ்வரகை அழுகவைக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் நஞ்சன் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. நஞ்சன் பேச்சில் மகா கருமி. சடைச்சி ஒரு பொழுது முழுக்கப் பேசினால் கடைசியில் "சரி புள்ளே" என்பான், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். அந்தக் கருமித்தனத்தோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். அதை அவள் ரொம்பவும் விரும்பினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதைத்த மறுநாள் காதை வைத்தபோது அவன் "புள்ளே" என்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சடைச்சிக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் தண்ணீர்க் குழாயோடு போய் உட்கார்ந்து, அன்றைய கதையெல்லாம் மண்ணிடம் சொல்வாள். எழுந்திருக்கும்போது, "எனக்குத் தனியா இருக்க முடியல, வந்துரு" என்று சொல்லிவிட்டு வருவாள். வரமாட்டான் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் எழுந்திருக்க அவளால் முடியவில்லை.

நாளாக ஆக நஞ்சன் நிறையப் பேச ஆரம்பித்தான். ஆற்றைப் பற்றி, அடுப்பைப் பற்றி, மகள் மாதிக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றியெல்லாம் பேசினான். உயிரோடு இருந்தபோது சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது செலவழிக்கிறான் என்று சடைச்சி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். மாதிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதைக் குறைக்கும்படி தாயிடம் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்பன் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை என்றாள். சடைச்சி சிரித்தாள்.

பிறகு ஒருநாள் அந்தக் குரல் குளிருகிறது என்றது. சடைச்சி மேலும் தண்ணீர் ஊற்றினாள்.

பனி இறங்கிய ஒரு காலையில் சடைச்சி ஆற்றுக்குப் போயிருந்தாள். மாதி குடிலில் தனியே இருந்தாள். வெளியே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பன் குரல்தான். இத்தனை நாளும் காதை வைத்தால்தான் கேட்ட குரல், அன்றைக்கு வாசல் வரை வந்தது. மாதி எழுந்து அதன் பின்னாலேயே போனாள். எதற்குப் போனாள் என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

சடைச்சி திரும்பி வந்தபோது மகள் நஞ்சனைப் புதைத்த இடத்தில் முழங்கால் வரை மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஊர் திரண்டு வந்து இழுத்தது. இழுத்த இழுப்புக்கு இடுப்பு வரை இறங்கினாள். மண்ணை இளக்கினால் விடும் என்று யாரோ ஒரு புத்திசாலி தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட, இன்னும் ஒரு சாண் இறங்கினாள். சுற்றியிருந்த தரை முழுவதும் ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தனியா இருக்க முடியல, வந்துரு."

மாதி கத்தவில்லை. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. தாயை நிமிர்ந்து பார்த்து, "ஆத்தா, இது அப்பன் பேச்சு இல்ல. இது நீ பேசுற பேச்சு" என்றாள்.

சடைச்சி தரையில் காதை வைத்தாள். வந்துரு என்பதற்கு முன்னால் குரல் ஓர் இடத்தில் இடறியது. தினமும் எழுந்திருக்கும்போது தன் தொண்டை அடைத்துக்கொள்கிற அதே இடம். நஞ்சனின் குரலை எடுத்துக்கொண்டு மண் அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தண்ணீரோடு சேர்த்து அவள் ஊற்றியதெல்லாம் உள்ளே ஒரு சொட்டுக்கூட வடியாமல் நின்றிருக்கிறது.

அவள் மலையை விட்டு ஓடினாள். ஆற்றங்கரை மணலில் மண்புழு குடியிருந்தது. அப்போதெல்லாம் அது மலைப்பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அந்த மண்ணில் மூச்சுவிட முடியாது என்று அதற்குத் தெரியும். சடைச்சி நடந்ததைச் சொல்லி, மண்ணைத் துளைத்து மகளை விடுவித்துத் தரும்படி கேட்டாள்.

"துளைக்கிறது பெரிய காரியமில்ல தாயி," என்றது புழு. "நான் மூச்சுவிட நீ முதல்ல ஒரு வழி போட்டுக் குடுக்கணும். புதைச்சு மூடின கையே திறக்கணும். அப்புறம் நான் தின்னுக்கிட்டே போவேன், என் சனமும் பின்னால வரும். ஆனா எனக்கு இதை விட்டுட்டு அதைத் தின்னத் தெரியாது. தண்ணி இறங்கும்போது உள்ள இருக்கிற எல்லாமே இறங்கிடும்."

எல்லாமே என்றால் என்ன என்று சடைச்சி கேட்கவில்லை. கேட்டால் கால் பின்வாங்கிவிடும் என்று பயந்தாள். புழுவை ஓர் இலையில் மடித்து எடுத்துக்கொண்டாள். பாதி ஏற்றத்தில்தான் அவள் வாய் தானாகத் திறந்தது. மலையடியில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதை மட்டும் தின்னாமல் விட்டுவிடு, மேலேயிருந்து இறங்கி வருகிற நீரிலும் பேச்சிலும் கொஞ்சம் அங்கே தேங்கட்டும் என்று கெஞ்சினாள். மகள் நெஞ்சு வரை மண்ணில் நிற்கும்போது இப்படிக் கேட்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. புழு சரி என்றது.

மேலே, அவள் எதற்கு வருகிறாள் என்று கேட்டறிந்து, ஊர்மூப்பன் கோலன் வழிமறித்தான். அவன் தாய், தகப்பன், முதல் பெண்டாட்டி எல்லாரும் அந்த மண்ணுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் நின்ற நீர் முழுவதும் ஒன்றோடொன்று கோத்துக்கிடந்ததால், ஓர் இடத்தில் துளைத்தாலும் மலை முழுவதும் வடிந்துவிடும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒருத்திக்காக எல்லாரையும் இன்னொரு தரம் சாகடிக்கப் போறியா?" என்றான்.

"அவங்க செத்துப்போனவங்க மூப்பா. இவ இன்னும் சாகல."

கோலன் விலகினான். சம்மதித்தான் என்று சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பார்த்து விலகினான்.

மாதி அப்போது கழுத்து வரை போயிருந்தாள். சடைச்சி கிழங்கு தோண்டும் கோலை எடுத்து மகளுக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கினாள். கோல் போகப் போகக் குரல்கள் கூடின. நூறு வாய்கள் ஒரே நேரத்தில் குளிருது, தண்ணி, வந்துரு என்றன. அவள் நிறுத்தவில்லை. கோலை உருவிவிட்டுத் துளைக்குமேல் புழுவைப் பிடித்தபோது எல்லாக் குரலும் சட்டென்று ஓய்ந்தது. அந்த அமைதியில், ரொம்ப ஆழத்திலிருந்து, ஒரே ஒரு சொல் வந்தது.

"புள்ளே."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதல் நாள் சொன்ன மாதிரியே சொன்னது. இது அவள் மண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த சொல் அல்ல. அவளை அப்படிக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான். மாதியின் மோவாயை மண் தொட்டது. சடைச்சி விரல்களைத் திறந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் எங்கேயோ, சட்டியின் அடியில் கிடக்கும் கஞ்சியை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தரை மெல்லப் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் காலடியில் பேசிக்கொண்டே இறக்கத்தில் போவதை நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிலர் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் நின்று பதில் சொல்லவில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து மலையடிக்குப் போய் நின்றது. அங்கே பாறை இடுக்கிலிருந்து தெளிந்த நீர் ஊற்றாகக் கொட்டத் தொடங்கியது. மேலே மண் பொலபொலவென்று உதிர்ந்து, மாதி சின்னச் செடியைப் பிடுங்கினால் வருகிற மாதிரி கையோடு வந்தாள்.

அன்றிலிருந்து மாதக்கணக்கில் ஊரில் ஒருவரும் சடைச்சியோடு பேசவில்லை. அவளுக்கும் யாரோடும் பேசவேண்டியிருக்கவில்லை. மூன்று போகம் கழிவதற்குள் விழுந்த இலையெல்லாம் மக்கித் தரையில் கறுப்பாகப் படிந்தது. ஒருநாள் அவள் நஞ்சனைப் புதைத்த இடத்தில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி இறங்கிப் பார்த்தாள். ஒரு சொல்லாவது எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற ஆசைதான். குழிச்சுவரில் முதலில் அந்தக் கறுப்பு, அது முழுக்க மெல்லிய வேரும் புழுத் துளையும். அதன் கீழே சாம்பல் மாதிரி வெளுத்த ஒரு பட்டை. எல்லாம் அந்த வழியாகத்தான் கழுவிக்கொண்டு இறங்கியிருக்கிறது. அதற்கும் கீழே, மேலிருந்து வந்த வண்டலும் சாயமும் தங்கி, காற்று புகுந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. கடைசியில் கையால் பிட்டால் உதிரும் பழங்கல். நஞ்சன் எங்கும் இல்லை, எலும்புகூட இல்லை. ஒரு பிடி எடுத்துக் கசக்கினாள், விரலிடுக்கில் உதிர்ந்தது. நாக்கில் வைத்தாள், லேசாகப் புளித்தது. குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அழவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மலையில் யாருக்கும் தெரியாதே.

மரங்கள் வளர்ந்தன. வேர்கள் பயமில்லாமல் ஆழம் போயின. எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் தரை கால் ஒட்டாமல் இருந்தது. கேழ்வரகு கதிர் சாய்ந்து விளைந்தது. வயிறு நிறைந்ததும் ஊர் சடைச்சியோடு பேச ஆரம்பித்தது.

ஆனால் மலையடிப் பள்ளம் நீலமாகவே இருந்தது. புழு வாக்குத் தவறவில்லை. ஊர்க்காரர்கள் அதைக் கண்டுபிடித்து, செத்தவர்களைச் சுமந்துபோய் அங்கேதான் வைத்தார்கள், பழையபடி தண்ணீரும் ஊற்றினார்கள். சடைச்சியும் ஒருமுறை ரகசியமாகப் போய்க் காதை வைத்தாள். "அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிடு," என்றது மண், நஞ்சனின் குரலில், அவள் கெஞ்சிய அதே கெஞ்சலோடு. அவள் எழுந்து வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியாக அந்த வழியே போகிறவர்களைப் பள்ளம் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. இரண்டொருவர் திரும்பி வரவில்லை.

காலம் போய்ச் சடைச்சி படுக்கையில் விழுந்தாள். மாதியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"என்னைப் பள்ளத்துல போட்டுறாத. மேல, செவப்புல போடு."

"அங்க போட்டா உன் பேச்சு எனக்குக் கேக்காதே ஆத்தா."

"கேக்க வேணாம்," என்றாள் சடைச்சி.

மாதி அப்படியே செய்தாள். ஊர் முணுமுணுத்தது, அவள் பொருட்படுத்தவில்லை. மூடிவிட்டுத் தரையில் காதை வைத்தாள். "ஆத்தா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். உள்ளே நீர் இறங்குகிற சத்தம்கூட இல்லை. வெகுநேரம் வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது, வாய் கோணிக்கொண்டது, நெஞ்சுக்குள்ளிருந்து இதுவரை மலையில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் பயந்துபோய் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். கோலன் மூப்பன் மட்டும் கேட்கவில்லை. அவன் தன் தாய் பழைய நாளில் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குத் தள்ளாடிப் போய், அந்தச் சிவப்பு மண்ணில் காதை வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் அதே சத்தத்தை எழுப்பினான்.

அன்று முதல்தான் கருந்தோள் மலையில் குடில் போடுமுன் ஒரு குழி தோண்டிச் சுவரைப் பார்க்கிறார்கள். சிவந்திருந்தால் தங்குகிறார்கள், நீலம் தெரிந்தால் யார் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாமல் மூடிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அன்று முதல்தான் அங்கே செத்தவரை மண்ணில் வைத்ததும் யாரும் உடனே அழுவதில்லை. முதலில் தரையில் காதை வைக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அழுகிறார்கள்.