இரண்டாம் மாடியில் ஒரு கிரகப்பிரவேசம்

கோயமுத்தூர் பஞ்சாலையில் வேலை பார்த்த சென்னியப்பனுக்கும் அவன் கூட்டாளிகள் நாச்சிமுத்து, தம்புராசு இருவருக்கும் எவரும் வீடு தரவில்லை. "குடும்பத்துக்குத்தான் உடுவோம்" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அன்னூர்ப் பக்கம், நாய்கூட யோசித்துக் குரைக்கும் ஓர் அமைதியான தெருவில், அவினாசியப்பன் என்பவர் மனமிரங்கி இரண்டாவது மாடியைக் கொடுத்தார். சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என்ன ஆனாலும் இந்த வீட்டை விடுவதில்லை என்று முடிவு கட்டினான்.

"செவுத்துல ஆணி அடிக்கப்படாது. மத்தபடி உங்க சொந்த ஊடு மாதிரி நெனச்சுக்குங்க தம்பி," என்று சாவியை நீட்டினார் வீட்டுக்காரர்.

ஆணியே அடிக்கவில்லை. முறை வைத்து ஆளுக்கொரு மணி நேரம் காலண்டரைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தம்புராசு தன் முறையில் நிற்கும்போது கேட்டான்: "சொந்த ஊடுன்னா கிரகப்பிரவேசம் பண்ணோணுமில்ல?"

"பின்னே? பசுவும் கன்னும் மொதல்ல நொழையோணும்," என்றான் சென்னியப்பன்.

பால்காரரிடம் இரவல் வாங்கி, அகத்திக்கீரையைக் காட்டிக் காட்டி ஏற்றினார்கள். பசு ஜோராக ஏறியது, கன்றும் பின்னாலேயே ஏறியது. ஹாலில் சாணி போட்டதும் மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இறக்கப் போனபோதுதான் பசு படியை எட்டிப் பார்த்தது. பிறகு ஹாலுக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"படியப் பாத்துத்தான் பயப்படுது. கண்ணக் கட்டிப்போட்டா எறங்கிரும்," என்றான் தம்புராசு.

"வாயில்லாச் சீவனப்பா. மொதல்ல நாம கட்டிப் பாக்கோணும்," என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து கண்ணைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு படி நடந்தான், மீதியை உருண்டான். "சீக்கிரம் எறங்கலாம், ஆனா மாட்டுக்குத் தோதுப்படாது," என்று கீழே கிடந்தபடியே சொன்னான்.

அவனைத் தாண்டிக்கொண்டு மேலே வந்த வீட்டுக்காரர் ஹாலைப் பார்த்தார்.

"மாடா, நீங்களா? ரெண்டுல ஒண்ணு இப்பவே காலி பண்ணியாகோணும்!"

சென்னியப்பன் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அலைந்து திரிந்து கிடைத்த வீடு. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. கன்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"அது புள்ளகுட்டியோட இருக்குது. நாம பேச்சிலருங்க. நாமதான்டா எறங்கோணும்," என்றான்.

பாயைச் சுருட்டிக்கொண்டு மூவரும் தெருவுக்கு வந்தார்கள். மேலே பால்கனியில் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து நின்றார். அவர் தோளுக்கு மேலே பசு எட்டிப் பார்த்தது. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"அண்ணா, நல்ல குடும்பமுங்க! வாடகைய மட்டும் பாலாக் கறந்துக்குங்க!"