உமி நிறைந்த களஞ்சியம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடையின் இக்கரையில் எலிகளின் ஊரும் அக்கரையில் அணில்களின் ஊரும் இருந்தன. எலிகளுக்குத் தலைவன் ஒரு பெருச்சாளி. அணில்களுக்குத் தலைவி ஒரு கிழட்டு அணில்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை, பிறை தெரிந்த மறுநாள் காலையில், இருவரும் ஓடை நடுவிலுள்ள பாறையில் கூடுவார்கள். தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லலாம். வீடு கட்டுவோம் என்று சொல்லலாம். உணவு சேர்ப்போம் என்று சொல்லலாம். புதுக் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்வோம் என்றும் சொல்லலாம். சொன்னால் சொன்னதுதான். அடுத்த பிறைவரை ஊர் முழுக்க அந்த வேலையைத்தான் பார்க்கும். ஆனால் களஞ்சியம் விளிம்புவரை நிறைந்திருந்தால்தான் வீடு கட்டலாம் என்று ஒரு கட்டுப்பாடும் இருந்தது.

அந்த ஆண்டு மூங்கில் பூத்தது. காடெங்கும் மூங்கிலரிசி கொட்டிக் கிடந்தது. எலிகள் வயிறு முட்டத் தின்று, குட்டிமேல் குட்டியாக ஈன்றன. பெருச்சாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"என் முறைக்குப் பத்து வளை!" என்று பாறைமேல் நின்று முழங்கியது.

"எங்கள் முறைக்கு உணவு சேர்க்கிறோம்," என்றது அணில்.

அடுத்த பிறையிலும் இதே கதைதான்.

"இன்னும் பத்து வளை! உன் ஊர் என்றைக்குத்தான் வளரப்போகிறது, அணிலே?"

"மூங்கில் பூத்தால் காய்ந்துபோகும், பெருச்சாளியாரே. நாங்கள் மறுபடியும் உணவுதான் சேர்க்கிறோம்."

பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் நின்ற மந்திரி ஓணான் தலையாட்டியது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

மூன்றாம் பிறை நெருங்கியது. மூங்கில் காயத் தொடங்கியது. களஞ்சியத்தில் கால் பங்கு அரிசிதான் இருந்தது. கட்டுப்பாட்டின்படி வளை தோண்ட முடியாது. பெருச்சாளி என்ன செய்தது தெரியுமா, குழந்தைகளே? களஞ்சியத்தின் அடியில் உமியை அள்ளிக் கொட்டச் சொன்னது. இருந்த அரிசியை அதன்மேல் பரப்பச் சொன்னது.

"பார், விளிம்புவரை நிறைந்துவிட்டது!" என்றது. ஓணான் தலையாட்டியது.

உமி கொட்டிய கூட்டத்தில் ஒரு சுண்டெலி இருந்தது. அதற்கு ஐந்து குட்டிகள். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"தலைவரே, அடியில் இருப்பது உமி!"

"மேலே தெரிவது அரிசிதானே?"

"மழை வரப்போகிறது. எங்களைக் காட்டுக்குள் அனுப்புங்கள். மண்ணில் கிடக்கும் அரிசியையாவது கொண்டுவந்து சேர்க்கிறோம்."

"நீங்கள்தான் தோண்டப்போகிறீர்கள். அணில்களுக்குப் பன்னிரண்டு பொந்து. நமக்குப் புது வளையே முப்பது ஆகப்போகிறது! உனக்குப் பெருமையாக இல்லையா?"

"சரி, என் குட்டிகளுக்குப் பெருமையை ஊட்டிப் பார்க்கிறேன்."

"வாயை மூடு!" என்று சீறியது பெருச்சாளி.

மற்ற எலிகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். எனக்கும் அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. உமி கொட்டியது எல்லாருக்கும் தெரியும். தங்களுக்கும் ஒரு புது வளை கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தன. பாறையில் பெருச்சாளி மறுபடியும் பத்து வளை என்று சொல்லிவிட்டு வந்தது. அரிசி பொறுக்க வேண்டிய கால்கள் எல்லாம் மண் தோண்டின.

அந்த மாதம் முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஏழு நாள் விடவில்லை. எலிகள் களஞ்சியத்தைத் திறந்தன. இரண்டே நாளில் அரிசி தீர்ந்தது. அதற்குக் கீழே தோண்டத் தோண்ட உமிதான் வந்தது. முப்பது வளைகளிலும் குட்டிகள் பசியால் கத்தின.

ஆறாம் நாள் சுண்டெலி பெருச்சாளியிடம் ஓடியது. "தலைவரே, என் கடைக்குட்டி அழுகையை நிறுத்திவிட்டது."

"அழவில்லை என்றால் நல்லதுதானே?" என்றது பெருச்சாளி.

அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்ன வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்! அப்போதும் ஓணான் தலையாட்டியது.

மழை விட்ட காலையில் பிறைக் கூட்டம் கூடியது. எலிகள் எல்லாம் கரையில் வந்து நின்றன. சுண்டெலி கடைக்குட்டியை வாயில் கவ்வியிருந்தது.

அன்று முதல் முறை அணிலுடையது. அது எலிகளை ஒரு சுற்றுப் பார்த்தது.

"எங்கள் களஞ்சியம் அடிவரை அரிசி. இந்த முறை நாங்கள் புதுக் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். எத்தனை பேர் வந்தாலும் சரி. வந்தவர்கள் எங்களோடு சேர்ந்து உணவு தேட வேண்டும், அவ்வளவுதான்."

ஓடையின் குறுக்கே ஒரு மூங்கில் சாய்ந்து கிடந்தது. சுண்டெலி முதலில் அதில் ஏறியது. அதன் பின்னே நான்கு குட்டிகளும் ஏறின. பிறகு மற்ற எலிகளும் ஏற, வளைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அக்கரையில் ஓர் அணில் அரிசியை மென்று கடைக்குட்டியின் வாயில் வைத்தது. சற்று நேரத்தில் அது வீல் என்று அழுதது. அதைக் கேட்டுச் சுண்டெலியும் அழுதுவிட்டது.

"பெருச்சாளியாரே, உங்கள் முறை," என்றது கிழட்டு அணில்.

"நாங்கள்... உணவு சேர்க்கிறோம்."

"நல்லது. யார் சேர்ப்பார்கள்?"

பெருச்சாளி திரும்பிப் பார்த்தது. முப்பது வளைகளும் வாயைத் திறந்தபடி கிடந்தன. கரையில் ஓணான் ஒன்றுதான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

நீதி: ஊரில் உள்ளவர்களின் பசியை எண்ணாமல் வீடுகளை மட்டும் எண்ணுகிற தலைவனுக்குக் கடைசியில் வீடுகள் மட்டுமே மிஞ்சும்.